பாடாலூரில் இறங்கினால் கடல்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் ஓரடி கடற்கரைகூடக் கிடையாது. இருந்தும் தை பிறந்து ஒரு வாரத்தில், விடியற்காலை நாகப்பட்டினத்தில் பேருந்து ஏறக் கிளம்பும்போது, கடல் பார்க்கப் போகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். "ஏன், இங்க இருக்கறது பத்தாதா?" என்று கேட்டுவிட்டு அம்மா வாசல் தெளிக்கப் போய்விட்டாள்.

திருச்சியில் வண்டி மாறி, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கினேன். சார் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லோடு நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். என் நண்பனுக்குத் தாய்மாமன். "ராத்திரி மழை பேஞ்சுருச்சு தம்பி. காஞ்சு கெடந்தா நல்லாருக்கும். பரவால்ல, வாங்க" என்றார். கிழக்கே திரும்பினோம். இருபுறமும் பருத்தி வெடித்திருந்தது. மக்காச்சோளம் அறுத்த காட்டில் தட்டை படுத்துக் கிடந்தது. நடுநடுவே சின்ன வெங்காயம். கடலுக்குப் போகிற வழி மாதிரியே இல்லை.

முதலில் ஊட்டத்தூர். சுத்தரத்தினேஸ்வரர் கோயிலில் பஞ்சநதனப் பாறையில் வடித்த நடராசர் இருக்கிறார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வெட்டிவேர் மாலை கட்டி வந்து சாத்திவிட்டு, அந்த வேரைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஊட்டத்தூர் என்றால் இந்தக் கோயில்தான். ஆனால் லண்டனிலோ வியன்னாவிலோ பாறை படிக்கும் ஒருவரிடம் போய் ஊட்டத்தூர் என்று சொல்லிப் பாருங்கள். உச்சரிப்பைச் சற்றுக் கெடுத்து, "கிரெட்டேசியஸ் கடலா?" என்பார். அந்தக் கடல் இங்கே இருந்த காலத்துக்குப் பெயர் அது.

1840களில் மதராஸ் அரசாங்க ஊழியர்களான கேயும் கன்லிஃபும் இந்தப் பக்கத்துக் காடுகளில் பொறுக்கிய கல்சிப்பிகள் லண்டனுக்குப் போயின. 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹெச்.எஃப். பிளான்ஃபோர்ட் ஊர் ஊராக வந்து, அடுக்கடுக்காக வரைபடம் போட்டு 1862இல் வெளியிட்டார். அவர் பிரித்த மூன்று பெரும் அடுக்குகள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். இன்றைக்கும் அந்தப் பிரிவுதான். அதற்குள்ளே பின்னால் வந்தவர்கள் போட்ட சின்ன அடுக்குகளுக்கும் கிராமங்களின் பெயர்தான்: காரை, கொளக்காநத்தம், ஆனைப்பாடி, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. மினிபஸ் பலகையை வாசிப்பது போலவே இருக்கும். இதில் ஒரு வேடிக்கை, கல்லக்குடிச் சுண்ணாம்புப் பாறை. 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த அதே கல்லக்குடிதான். ரயில் நிலையத்தின் பெயர் பிற்பாடு மாறியது. பாறையின் பெயர் மட்டும் நிலவியல் புத்தகங்களில் இன்னும் டால்மியாபுரம் அடுக்கு என்றே நிற்கிறது. பாறைக்காகப் போராட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

பிளான்ஃபோர்டைப் பற்றி இன்னொன்று. கல்லை விட்டுவிட்டு அவர் மழைக்குப் போய்விட்டார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் தலைவர் அவர்தான். காரைக் காட்டில் நின்று பார்த்தால் அந்த மாற்றத்தில் ஒரு நியாயம் தெரியும். அங்கே கல்லையும் மழையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

காரையில் ஊர் முடிந்து, வேலிக்கருவை முடிந்து, தரை சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. ஒரே செம்பழுப்பு. அங்கங்கே மஞ்சள், சாம்பல் பட்டைகள். யானைக் கூட்டம் ஒன்று முதுகை மட்டும் காட்டிப் படுத்திருப்பது போல மேடுகள், அவற்றுக்கு நடுவே விரல்விரலாகப் பிரியும் ஓடைகள். புல் இல்லை. சுற்றிலும் பச்சை வயல் இருக்க, நடுவில் மட்டும் யாரோ தோலை உரித்துவிட்ட மாதிரி. யூடியூபில் இதற்குப் 'பெரம்பலூரின் கிராண்ட் கேன்யன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாவம், அதை நம்பி வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அண்ணாந்து பார்க்க இங்கே ஒன்றும் இல்லை. குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது.

"செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கங்க" என்றார் சார். கேட்கவில்லை. பத்தடி போவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ சேறு ஏறிவிட்டது. இந்தக் களிமண் தண்ணீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, பொரி மாதிரி வெடித்து, கையால் தொட்டாலே உதிரும். மேலே ஒரு செடி வேர்பிடிப்பதற்குள் அடுத்த மழை அந்தத் தோலைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. பாலைவனம் என்றால் மழை இல்லாத ஊர் என்றுதான் படித்திருக்கிறோம். இது வடகிழக்குப் பருவமழை தவறாமல் வருகிற ஊர். இங்கே பாலையைச் செய்கிறதே மழைதான்.

இதெல்லாம் ஒருகாலத்தில் கடலடிச் சேறு. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்து பிரிந்தபோது கிழக்குக் கரை கிழிந்து, காவிரிப் படுகை தாழ்ந்து, கடல் உள்ளே வந்தது. காரையின் களி படிந்து சுமார் 10 கோடி ஆண்டு ஆகிறது. பிறகு கடல் கொஞ்சம் பின்வாங்கும், மறுபடி ஏறும், மறுபடி பின்வாங்கும். அப்படியே கிழக்கே கிழக்கே போய், இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது.

குனிந்த பிறகுதான் கடல் தெரிந்தது. முதலில் கண்ணில் பட்டவை கண்ணாடிச் சில்லுகள். உடைந்த டியூப்லைட்டை யாரோ கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஜிப்சம். களியின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்து, சரிவெங்கும் சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. அடுக்கைப் பிரித்தால் தகடு தகடாகக் கழன்று வந்தது. சித்த வைத்தியத்தில் கற்பூர சிலாசத்து என்று சொல்வது இதைத்தான். நீர்க்கடுப்புக்கு இதைப் பற்பமாக்கித் தருவார்கள். சற்று முன்பு பார்த்த நடராசருக்கும் இதே இலாகா என்று சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒரே மண்ணுல இருந்து வந்ததுதான தம்பி" என்றார்.

அடுத்துக் கிடைத்தது சுண்டுவிரல் நீளத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒன்று. சூரியனுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் தேன் நிறம். பெலெம்னைட். நாகையில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊசிக்கணவாயின் தூரத்துச் சொந்தம். ஓட்டுக்கணவாயின் முதுகுக்குள் வெள்ளையாக ஒரு ஓடு இருக்கும், கரையில் ஒதுங்கும், நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். அதேபோல இந்தப் பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டி முனை இது. தசை போய்விட்டது, கை போய்விட்டது, மை போய்விட்டது. இது மட்டும் பாக்கி.

நான் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தேன். மேட்டின் மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி நின்று கவனித்தாள்.

"என்னா தம்பி தேடுறீங்க? காசு உழுந்துருச்சா?"

"இல்ல ஆயா. பல்லு தேடுறேன்."

"யாரு பல்லு?"

"சுறாப் பல்லு."

"இந்தக் காட்டுல சுறாவா! நல்லாருக்கு போ" என்று சிரித்தவள், சற்று நேரம் கழித்து, "அப்பறம் அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சாம்?" என்றாள். கிழக்கே கைகாட்டினேன். "போறது போச்சு, கொஞ்சம் நல்ல தண்ணியா உட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றாள். மழை பெய்தால் ஆட்டை இந்தப் பக்கம் விடமாட்டார்களாம். வழுக்கி விழுந்தால் கால் முறிந்துவிடும். அன்றைக்கும் அவள் ஆடுகள் மேட்டை விட்டு இறங்கவில்லை. நான்தான் இறங்கியிருந்தேன்.

நான் தேடியது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. காரைக் களியிலிருந்து பலவகைச் சுறாக்களின் பற்களை ஆய்வாளர்கள் எடுத்து எழுதியிருக்கிறார்கள். இக்தியோசர் என்னும் மீனுடம்புப் பல்லியின் எலும்புகள் இந்த அடுக்கில் கிடைத்ததை 1879இலேயே லைடெக்கர் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். எனக்கு அன்றைக்குப் பல் அகப்படவில்லை. ஒரு அம்மோனைட் அகப்பட்டது, பாதி. ஆட்டுக்கொம்பு சுருண்ட மாதிரி. விலா விலாவாக மேடு பள்ளம். பிளந்த பக்கத்தில் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள். கடைசி அறையில் மட்டும் பிராணி குடியிருக்கும். வளர வளர முன்னால் ஒரு அறை கட்டிக்கொண்டு பின்னால் உள்ளதை அடைத்துவிடும். காலி அறைகளில் காற்றை வைத்துக்கொண்டு மிதக்கும். நேபாளத்துக் காளிகண்டகி ஆற்றில் கிடைப்பதைச் சாளக்கிராமம் என்று பூசையில் வைக்கிறோமே, அதன் உள்ளே இருப்பதும் இதே இனம்தான். இங்கே கிடப்பதற்கு அபிஷேகம் செய்ய ஆளில்லை, மழை செய்வதோடு சரி.

இந்த அம்மோனைட்டால் 2020இல் ஒரு கூத்து நடந்தது. குன்னம் பக்கம் ஏரியில் மண் அள்ளும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் பற்றிக்கொண்டது. ஜனம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது. விவரம் தெரிந்தவர்கள் வந்து, இது முட்டை இல்லை, ஒரு அம்மோனைட்டையோ வேறொன்றையோ நடுவில் வைத்து அதைச் சுற்றிச் சேறு இறுகிய உருண்டை என்றார்கள். ஏமாற்றம். எனக்கு இந்த ஏமாற்றம்தான் புரியவில்லை. முட்டை என்றால் அதிசயம், கடல்பிராணி என்றால் சப்பென்று போய்விடுமா? அந்தப் பரபரப்பில் ஒரு நல்லதும் இருந்தது என்பார் சார். வயல் வரப்பில் கிடந்த கல்லை முதன்முறையாகப் பலர் புரட்டிப் பார்த்தார்கள். இப்போது பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே அம்மோனைட்ஸ் மையம் என்று ஒன்று இருக்கிறது. மனு கொடுக்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே போய் 10 கோடி வருஷத்துச் சுருளைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஓடையிலிருந்து ஏறும்போது சார் என் சட்டைப் பையைப் பார்த்தார். பெலெம்னைட் துருத்திக்கொண்டிருந்தது.

"எடுத்த எடத்துலயே வெச்சிருங்க தம்பி."

ஒன்றுதானே சார் என்றேன்.

"ஞாயித்துக்கெழம எரநூறு பேரு வர்றாங்க. ஒன்னு ஒன்னுதான் எடுக்கறாங்க." பிறகு வாத்தியார் குரலில் விளக்கினார். எந்த மேட்டில், எந்தப் பட்டையில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. பைக்குள் போய்விட்டால் அது வெறும் கல். திரும்பி இறங்கினேன். எல்லா மேடும் ஒரே மேடாகத் தெரிந்தது. என் கால்தடத்தையே என் செருப்பு மிதித்துக் குழப்பியிருந்தது. ஏறக்குறைய அதே இடம் என்று தோன்றிய ஒரு சரிவில் வைத்துவிட்டு வந்தேன். ஏறக்குறையதான்.

மதியத்துக்குச் சாத்தனூர். இங்கே சேறு இல்லை, வேலி போட்டிருக்கிறார்கள், காவல் இருக்கிறது, பலகை இருக்கிறது. ஓடைப் படுகையில் படுத்துக் கிடக்கிறது மரம். நீளம் 18 மீட்டருக்கு மேல். பட்டையின் சுருக்கமும் கிளை ஒடிந்த கணுவும் அப்படியே இருக்க, தட்டினால் கல். பூக்கும் மரங்கள் உலகத்தை நிறைப்பதற்கு முன்னால் காடாக நின்ற ஊசியிலை வகை. ஆற்று வெள்ளம் கடலுக்கு இழுத்து வந்து, கடலடி மண்ணில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு அணுவும் போய் அந்த இடத்தில் கனிமம் உட்கார்ந்திருக்கிறது. 1940இல் இதை முதலில் அறிவித்தவர் எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்திய இயக்குநர் ஆனவர். வரகூர், ஆனைப்பாடி பக்கங்களிலும் கல்மரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். ஒரு பையன் கம்பியின் மேல் சாய்ந்து, "சார், இத எரிச்சா எரியுமா?" என்று கேட்டான். அவன் சார் முறைத்தார். நல்ல கேள்விதான்.

அரியலூரை நெருங்க நெருங்கக் காற்றின் நிறம் மாறுகிறது. மருதையாற்றைத் தாண்டினால் லாரி, அதன் பின்னால் லாரி. சாலையோரப் புளிய இலைகள் வெளுத்திருக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை என்பது ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் மட்டிச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து, செத்து, குவிந்த மேடு. அதைத் தோண்டி, அரைத்து, சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் எரித்தால் சிமெண்ட். தமிழ்நாட்டில் வீடு கட்டியவர்கள் பலர் தெரியாமலேயே அரியலூர்க் கடலில் குடியிருக்கிறார்கள். சுரங்கத்தை வைது எழுத எளிதாக வரும். ஆனால் கல்லக்குடியிலும் அரியலூரிலும் குழி வெட்டியிருக்காவிட்டால் அந்த அடுக்குகளில் பலவற்றை யாரும் நேரில் பார்த்திருக்க முடியாது என்பதும் உண்மை. வெட்டிய முகத்தில் சிப்பி தெரியும். படிக்க ஆள் வருவதற்குள் அடுத்த வெடி வைத்துவிடுவார்கள். வெடிக்கும் வெடிக்கும் நடுவே ஒரு நிலவியல் மாணவனை நிற்கவிடுவதற்குச் சட்டம்கூட வேண்டாம், மனம் இருந்தால் போதும்.

கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளைச் சேவித்தோம். மூலவர் சிலை இல்லை, ஒரு கல்தூண். கம்பத்துப் பெருமாள். கல்லைக் கல்லாகவே வைத்து மாலை போட்ட ஊர் இது ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. துளசித் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வண்டிச் சீட்டில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. துடைத்துவிட்டு ஏறினோம்.

கல்லமேட்டுக்குப் போகும் வழியில் சார் வண்டியை நிறுத்தி, ஒரு சாதாரணமான காட்டைக் காட்டினார். பார்க்க ஒன்றுமே இல்லை. அதுதான் விஷயம். 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் கல்லமேட்டு அடுக்கில் கிடைத்த எலும்புகளை விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பேருடம்புப் பல்லி. கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர். முதலில் ஊன்தின்னி வகை என்று எழுதி, பின்னர் நீண்ட கழுத்துத் தழைதின்னி என்று திருத்தப்பட்டது. 2023இல் வந்த ஒரு கணக்கு, எடை 100 டன்னைத் தாண்டும் என்கிறது. தரையில் நடந்தவற்றில் ஆகப் பெரியவற்றில் ஒன்று, நீலத்திமிங்கிலத்தோடு வைத்துப் பேச வேண்டியது.

ஆனால் அந்த எலும்பு இன்று எங்கும் இல்லை. ஈரம் குடித்து உப்பும் அதேபோன்ற களி, மழைக்காலம், நொறுங்கிய எலும்பு. பொதிந்து எடுத்த பிறகும் உதிர்ந்து மண்ணாகிவிட்டது. நெடுநாள் கோட்டுப்படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லாததால், அப்படி ஒன்று இருந்ததா, கல்மரத் துண்டைப் பார்த்து ஏமாந்தார்களா என்றுகூடச் சந்தேகித்தவர்கள் உண்டு. களத்தில் எடுத்த பழைய ஒளிப்படங்களை 2022இல் வெளியிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. ஏழு கோடி வருஷம் தாங்கிய எலும்பு, வெளியே எடுத்த பிறகு ஒரு பருவமழையைத் தாங்கவில்லை. காலையில் என் செருப்பில் ஏறிய சேறு அப்போதுதான் எனக்குக் கனத்தது. அந்தக் காட்டில் இப்போது முந்திரிக் கன்று வைத்திருக்கிறார்கள்.

பொழுது சாய்வதற்குள் கரைவெட்டி போய்ச் சேர்ந்தோம். புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் காவிரித் தண்ணீரால் நிறையும் ஏரி, சுமார் 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாத கடலில் அலைந்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த நீர்ப்பரப்பு கூசியது. நாமக்கோழிகள், நாரைகள், எண்ண முடியாத வாத்துகள். கரையில் மீன் வாங்க வந்த ஒருவர், "தூரத்துல வெள்ளையாத் தெரியுது பாருங்க" என்றார். சாரின் பழைய தொலைநோக்கியில் பார்த்தேன். வெள்ளைத் தலையில் கறுப்பாக இரண்டு பட்டை. வரித்தலை வாத்து. லடாக்கிலும் திபெத்திலும் மங்கோலியாவிலும் உள்ள ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி, இங்கே குளிர்காலம் கழிக்க வருகிறது.

லடாக் என்றதும் எனக்கு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா நினைவு வந்தது. மொராவியாவில் பிறந்த இளைஞர். கல்கத்தாவில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துச் சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, பெயரிட்டு, பெரும்பெரும் தொகுதிகளாக எழுதினார். அரியலூர்க் கடலின் குடிமதிப்புக் கணக்கு என்றே அதைச் சொல்லலாம். முடித்த கையோடு யார்க்கண்ட் பயணத்துக்குக் கிளம்பி, திரும்பும் வழியில் 1874 ஜூனில் மலையுயரத்தில் மூச்சுமுட்டி இறந்தார். வயது 36. லடாக்கின் லே நகரில் புதைத்திருக்கிறார்கள். இந்த வாத்துகளில் சில, அந்தக் கல்லறையின் மேல் பறந்து வந்திருக்கலாம். சாரிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவரு சார்பா வந்து பாத்துட்டுப் போவுதுங்க" என்றார்.

ராத்திரி பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அம்மா என் செருப்பை வாளியில் ஊறப்போட்டிருந்தாள். தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது. அடியில் பளபளவென்று இரண்டு மூன்று சில்லு.

"எந்த ஊரு சேறுடா இது? வுடவே மாட்டேங்குது."

"கடல் சேறும்மா."

அம்மா வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். விரலால் நசுக்கினாள்.

"போடா. கடல் சேறு கறுப்பால்ல இருக்கும்."